சோழர் காலப் பெண்களின் அன்றாடத்தை இன்றைய மக்களுக்குச் சொல்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருகிறவர்களிடம் சோழர் காலத்துப் பெண் ஒருத்தியின் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் குந்தவை என்றுதான் பதில் வரும். நாவலும் சினிமாவும் செய்த வேலை அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே கோயிலின் சுற்று மதிலில் 400 பெண்களின் பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்ற விவரமும் வெட்டியிருக்கிறது. பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறோம்.

மரபு நடை (பழைய இடங்களைச் சுற்றிக்காட்டும் நடைப்பயணம்) அழைத்துச் செல்பவர்கள், பள்ளியில் கண்காட்சி வைக்கும் ஆசிரியர்கள், பாட்காஸ்ட் அல்லது யூடியூப் செய்ய நினைப்பவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலம் ஏறக்குறைய 9 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை. அந்தக் காலப் பெண்களின் நாட்குறிப்போ கடிதமோ நமக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் கணக்கு: யார், எவ்வளவு, எதற்காகக் கொடுத்தார், யாருக்கு எவ்வளவு நெல். என் கட்சி என்னவென்றால், அவர்களுடைய நெருக்கமான வாழ்க்கையும் அந்தக் கணக்கு வரிகளுக்குள்ளேதான் இருக்கிறது. அதை வெளியே எடுக்கக் கற்பனையைவிடப் பொறுமைதான் அதிகம் உதவும்.

1. ஒரே ஒருத்தியைத் தேர்ந்தெடுங்கள்

"சோழர் காலப் பெண்கள்" என்று தலைப்பு வைத்தால் பேச்சு அரை மணி நேரத்தில் பட்டியலாகிவிடும். அதற்குப் பதில் ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முயற்சிக்கு அரசி வேண்டாம். செம்பியன் மாதேவி பெரிய ஆள்தான். செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக்கியவர். ஆனால் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கட்டடக்கலை முன்னே வந்து பெண் பின்னே போய்விடுவார்.

பெரிய கோயில் பட்டியலின் தொடக்கத்துக்கு வாருங்கள். தெற்குத் தளிச்சேரி (கோயில் பெண்களின் குடியிருப்புத் தெரு), தென்சிறகு (தெற்கு வரிசை), முதல் வீடு: நக்கன் சேரமங்கை, திருவையாற்று உலோகமாதேவீச்சரம் கோயிலிலிருந்து வந்தவர். அடுத்தடுத்த வீடுகளில் நக்கன் இரணமுகராமி, நக்கன் உதாரம், நக்கன் பட்டாலி. ஐந்தாம் வீட்டில் நக்கன் எடுத்தபாதம். ஆடவல்லானின் (நடராசரின்) தூக்கிய திருவடியைப் பெயராகச் சுமந்த பெண், அந்த ஆடவல்லான் கோயிலுக்கே வந்து சேர்ந்திருக்கிறாள். இதைச் சொன்னவுடன் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். இப்படி ஒரு பெயர் கிடைத்தால் போதும், தொடங்கலாம்.

தேட வேண்டிய இடங்கள்: இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் (தஞ்சைக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன), ஆண்டுதோறும் வந்த கல்வெட்டு அறிக்கைகள், தமிழ்நாடு தொல்லியல் துறையின் மாவட்ட வாரியான வெளியீடுகள். பழைய தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆண்டறிக்கைகளில் ஒரு கல்வெட்டுக்கு இரண்டு மூன்று வரிச் சுருக்கம்தான் இருக்கும். அந்தச் சுருக்கத்தை மட்டும் நம்பிக் கதை கட்டாதீர்கள். மூல வாசகம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

2. கல்வெட்டின் நடுப்பகுதிக்குப் போங்கள்

வழக்கமான கல்வெட்டு மங்கலச் சொல்லோடு தொடங்கும். பிறகு மெய்க்கீர்த்தி, அரசனின் ஆட்சியாண்டு, நாடு, ஊர். அப்புறம்தான் கொடுத்தவர் யார், என்ன கொடுத்தார், யார் கையில் ஒப்படைத்தார் என்ற விஷயம் வரும். கடைசியில் இந்தத் தர்மத்தைக் காப்பவர் பாதம் தலைமேல் என்ற பாணியில் முடியும். மெய்க்கீர்த்தி அரசன் வென்ற நாடுகளைச் சொல்லும். நமக்கு வேண்டியது நடுப்பகுதி.

அங்கே கவனிக்க வேண்டியவை: அவளை எப்படி அடையாளப்படுத்துகிறார்கள்? இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்ன கோயிலைச் சேர்ந்தவள் என்றா? பிராமணப் பெண் நிலம் விற்கும்போதோ வாங்கும்போதோ அவள் சார்பில் முதுகண் என்று ஓர் ஆண் வருவதைப் பார்க்கலாம். கோயிலைச் சேர்ந்த பெண்கள் தங்கள் பெயரிலேயே தானம் கொடுப்பதும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே, "அந்தக் காலத்தில் பெண்களுக்குச் சொத்து இருந்ததா?" என்ற வழக்கமான கேள்விக்கு நல்ல பதில் கிடைத்துவிடும். எந்தப் பெண் என்று திருப்பிக் கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை. "வேளத்துப் பெண்டாட்டி" என்று கண்டால் யாருடைய மனைவி என்று தேடாதீர்கள். வேளம் என்பது அரண்மனையைச் சேர்ந்த பணியாளர் குடியிருப்பு. அங்கே பணி செய்த பெண்ணைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

3. நெல்லைக் கணக்குப் பாருங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

தளிச்சேரிப் பெண் ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும். ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். இதை அப்படியே சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. இன்றைய ரூபாய்க்கு மாற்றுவது வீண் வேலை. அந்தக் காலத்து அளவை அந்தக் காலத்து அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு கலத்துக்கு 12 குறுணி. ஆக 1,200 குறுணி. 365ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய மூன்றேகால் குறுணி நெல்.

இப்போது அதே கோயிலில் திருப்பதியம் (தேவாரப் பாடல்கள்) பாட ராஜராஜன் நியமித்தவர்களைப் பாருங்கள். பாடுகிறவர்கள் 48 பேர், முழக்குகிறவர்கள் 2 பேர், ஆக 50 பேர், அத்தனை பேரும் ஆண்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். தேவாரம் பாடிய ஆணுக்குக் கிடைத்ததற்குக் குறையாமல், சற்றுக் கூடவே, நக்கன் சேரமங்கைக்குக் கிடைத்திருக்கிறது. அதே சமயம் நட்டுவம் செய்தவர்களுக்கு (ஆட்டம் பயிற்றுவித்தவர்களுக்கு) இரண்டு பங்கு. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னும் கொஞ்சம் போகலாம். குறுணிக்கு எட்டு நாழி. மூன்றேகால் குறுணி என்றால் 26 நாழி நெல். கோயில் கணக்குகளில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்ற விகிதம் வரும். அதன்படி நாளுக்குப் பத்து நாழிக்கு மேல் அரிசி. ஒருத்தி தனியாகச் சாப்பிட்டுத் தீர்க்கும் அளவு இல்லை இது. அந்த வீட்டில் வேறு யாரோ இருந்திருக்க வேண்டும், அல்லது மிச்சத்தை விற்று எண்ணெயும் துணியும் வாங்கியிருக்க வேண்டும். யார் இருந்தார்கள்? கல்வெட்டின் விதி ஒன்று கோடு காட்டுகிறது: பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அவருக்கு அடுத்த உரிமை உள்ளவர் பங்கைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டும்; தகுதி இல்லையென்றால் தகுதி உள்ளவரை வைத்துச் செய்விக்க வேண்டும். ஆக இவர்களைச் சுற்றி உறவும் வாரிசும் இருந்ததாகத்தான் அந்த ஏற்பாடு நினைக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இது நல்ல வகுப்பறைப் பயிற்சி. படியும் அரிசியும் கொண்டுவந்து அளந்து காட்டினால் இன்னும் நல்லது, ஆனால் சோழர் நாழியும் நம் வீட்டுப் படியும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள்.

விளக்குத் தானத்துக்கும் இதே வழி. அணையா விளக்கு ஒன்றுக்கு வழக்கமாக 96 ஆடுகள். அந்த மந்தையைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொடுக்க வேண்டும். ஒரு பெண் 96 ஆடு கொடுத்தாள் என்றால் அவளுக்கு அதை வாங்கும் வசதி இருந்தது என்று அர்த்தம். அரை விளக்குக்கு 48 ஆடு கொடுத்தவர்களும் உண்டு. அரை விளக்கு வைத்தவளின் கதைதான் எனக்கு எப்போதும் அதிகம் சொல்லத் தோன்றும்.

4. மூன்று நிற மை

உங்கள் பேச்சையோ காணொளி வசனத்தையோ எழுதிய பிறகு மூன்று நிறத்தில் அடிக்கோடு போடுங்கள். கல் சொல்வது ஒன்று, நாம் ஊகிப்பது ஒன்று, நாம் கற்பனை செய்வது ஒன்று.

சேரமங்கையை வைத்தே பார்ப்போம். அவர் திருவையாற்றிலிருந்து வந்தார், முதல் வீட்டில் குடியிருந்தார்: கல் சொல்வது. இரண்டாம் வீட்டுக்காரியும் அதே கோயிலிலிருந்து வந்தவர் என்பதும் கல் சொல்வதே. ஒரே கோயிலிலிருந்து வந்தவர்களை அக்கம்பக்கத்தில் குடிவைத்திருக்கிறார்கள், ஆகவே முன்பே பழகியவர்கள் புது ஊரிலும் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்திருக்கலாம்: ஊகம், நியாயமான ஊகம். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து காவிரிக்கரையை நினைத்து ஏங்கினார்கள்: கற்பனை.

கற்பனை கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்றும் ஒரே குரலில் வரக் கூடாது. "இருந்திருக்கலாம்", "நினைத்துப் பார்க்கிறேன்" என்ற சொற்களைக் கூசாமல் பயன்படுத்துங்கள். காணொளியில் கற்பனைப் பகுதிக்கு வேறு குரல் அல்லது வேறு பின்னணி வைக்கலாம். கேட்கிறவர்கள் இதனால் சலிப்படைவதில்லை. எது உறுதி, எது இல்லை என்று தெரிந்தால் கூடுதலாகத்தான் கேள்வி கேட்கிறார்கள்.

5. அந்தரங்கத்தைத் தொடும்போது

காதல், உடல், திருமணம், சாவு. கேட்பவர்கள் உண்மையில் காத்திருப்பது இதற்குத்தான், சறுக்குவதும் இங்கேதான்.

காதலுக்கு என்னிடம் கேட்டால் திருவாரூரைச் சொல்வேன். முதலாம் ராஜேந்திரனின் அணுக்கியார் (நெருக்கமான துணை) பரவை நங்கையார் அந்தக் கோயிலுக்குப் பொன் வேய்ந்தவர். அரசனும் அவரும் கோயிலில் சேர்ந்து நின்ற இடம் தெரியும்படி ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. அவர் பட்டத்தரசி அல்லர். ஊர் பார்க்க, கோயிலுக்குள், இருவர் சேர்ந்து நின்ற இடத்துக்கு ஒரு விளக்கு. இதற்கு மேல் நாம் வசனம் எழுத வேண்டியதில்லை. "அவளுக்காக அரசிகள் பொறாமைப்பட்டார்கள்" என்றெல்லாம் சேர்த்தால் தொலைக்காட்சித் தொடர் ஆகிவிடும்.

உடலைப் பற்றிப் பெண்ணே பேசியதைக் கேட்க வேண்டுமென்றால், சோழர் பேரரசு எழும்புவதற்கு முன்பே வாழ்ந்தவராகக் கருதப்படும் ஆண்டாளிடம்தான் போக வேண்டும். திருப்பாவையை மார்கழிப் பஜனையாக மட்டும் கேட்டுப் பழகிய கூட்டத்துக்கு, அதில் இருக்கும் வீட்டு விவரங்களைச் சுட்டிக் காட்டுங்கள்: மை எழுதாமல் பூ முடிக்காமல் இருப்பது, விடியலில் தயிர் கடையும் சத்தம், நோன்பு முடிந்ததும் முழங்கையில் நெய் வழியச் சாப்பிடும் பாற்சோறு. நாச்சியார் திருமொழியின் ஏக்கம் இன்னும் வெளிப்படையானது. கலப்புக் கூட்டத்தில் எந்தப் பாசுரத்தை வாசிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அது பக்திப் பாடலும்கூட என்பதை மறந்து வெறும் பரபரப்புக்காக வாசித்தால் பாதிப் பேர் எழுந்து போவார்கள், நியாயமாகவே.

காரைக்கால் அம்மையாரைச் சொல்வதானால் ஒரு விஷயம். அவருடைய பாடல்கள் அவருடைய குரல். மாம்பழக் கதையும் கணவன் விலகிப் போனதும் நமக்கு விரிவாகக் கிடைப்பது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதியதிலிருந்து. நடுவே சில நூற்றாண்டுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே சான்றாகக் கலக்காதீர்கள்.

திருமணத்துக்கு விரிஞ்சிபுரம். வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கோயிலில், 1425ஆம் ஆண்டு, விஜயநகரக் காலத்தில், படைவீட்டு ராச்சியத்துப் பிராமணர்கள் கூடிச் செய்த உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. பெண்ணைக் கன்னியாதானமாகவே கொடுக்க வேண்டும். பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவரும் பொன் கொடுத்துப் பெண் கொள்பவரும் அரச தண்டனைக்கு உட்பட்டு, பிராமண்யத்துக்கும் புறம்பாவார்கள். நம் கால எல்லையைத் தாண்டினாலும் இதை விட மனசில்லை. தடை போட வேண்டிய அளவுக்கு அந்த வழக்கம் இருந்திருக்கிறது. அதுவும் பணம் போன திசை இன்றைய வரதட்சணைக்கு எதிர்த்திசை. எந்தக் கூட்டத்திலும் வாக்குவாதத்தைக் கிளப்பும் கல்வெட்டு.

சாவைப் பற்றிச் சொல்வது கடினம். மைசூர் மாவட்டம் பேளதூரில் 1057ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு தேகப்பே என்ற பெண்ணைப் பற்றிச் சொல்கிறது. மற்போரில் அரச உறவினன் ஒருவனைக் கொன்றதற்காக அவள் கணவனைச் சோழ அரசு கொன்றுவிட்டது. பெற்றோர் தடுத்தும் கேளாமல் அவள் தீயில் இறங்கினாள். கல்வெட்டு அதைப் புகழ்ந்துதான் பேசும். நாம் அந்தப் புகழ்ச்சியை அப்படியே ஒலிபெருக்கியில் திரும்பச் சொல்லக் கூடாது. சதியைப் போற்றுவது 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. தடுத்த பெற்றோரிலிருந்து தொடங்குங்கள். புகழ் மொழிக்கு நடுவிலும் அந்த எதிர்ப்பை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று: வரி கேட்ட ஊர் அதிகாரியிடம் தான் வரி கட்ட வேண்டியதில்லை என்று மறுத்த பெண். அவன் அவளைச் சோதனைக்கு உட்படுத்த, அவள் நஞ்சுண்டு இறந்தாள். பல நாட்டாரும் கூடிப் பழி அவன் மேல்தான் என்று முடிவு செய்து, பரிகாரமாகக் கோயிலில் விளக்கெரிக்க 32 காசு கொடுக்க வைத்தார்கள். விளக்குத் தானக் கல்வெட்டுகளை எல்லாம் பக்தி என்று நினைத்துக் கடந்துபோகக் கூடாது என்பதற்கு இது ஒன்று போதும்.

6. கோயில் பெண்களையும் அடிமைப் பெண்களையும் பற்றி

தளிச்சேரிப் பெண்டுகள் என்றதும் யாராவது ஒருவர் நமட்டுச் சிரிப்புச் சிரிப்பார். தயாராக இருங்கள். பொட்டுக் கட்டுவதை ஒழித்த 1947ஆம் ஆண்டு மதராஸ் சட்டமும் அதற்கு முன் நடந்த போராட்டமும் பிற்காலத்து நிலைமையைப் பற்றியவை. அந்த நிலைமையை 1014ஆம் ஆண்டுக் கல்வெட்டின் மேல் ஏற்றக் கூடாது. அதற்காக, "அந்தக் காலத்தில் ராணி மாதிரி வாழ்ந்தார்கள்" என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் சரியில்லை. இந்த 400 பேரும் தாங்களாக விரும்பி ஊர் மாறினார்களா என்பதற்குக் கல்லில் பதில் இல்லை. அப்படியே சொல்லிவிடுங்கள். இந்த மரபோடு தொடர்புள்ள குடும்பத்தார் உங்கள் கூட்டத்திலேயே இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொற்காலம் என்று மட்டுமே கேட்டுப் பழகியவர்களுக்குத் திருப்பாம்புரம் கல்வெட்டைக் காட்டலாம். 1201ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற நேரத்தில், வேளாளர் ஒருவர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். மூன்றாம் பகுதியில் போட்ட கணக்கைப் பிள்ளைகள் நினைவில் வைத்திருந்தால், மூன்று நாழி நெல் எவ்வளவு அரிசி என்று அவர்களே சொல்வார்கள்.

7. பார்வைக்கு என்ன வைப்பது

கும்பகோணம் நாகேசுவரன் கோயில் கருவறைச் சுவரில் ஏறக்குறைய ஆள் உயரப் பெண் சிற்பங்கள் இருக்கின்றன, முற்காலச் சோழர் வேலை. கொண்டை, காதணி, இடுப்பு மடிப்பு எல்லாவற்றுக்கும் நல்ல சான்று. இவர்கள் அரசிகளா வேறு யாருமா என்று பெயர் எழுதி வைக்கவில்லை. நீங்களும் பெயர் சூட்ட வேண்டாம். செயற்கை நுண்ணறிவில் செய்த படங்களில் சோழ நாட்டுப் பெண் இன்றைய பட்டுப் புடவையும் தைத்த ரவிக்கையுமாக வருகிறாள். அதைவிடச் சிற்பத்தின் நல்ல புகைப்படம் ஆயிரம் மடங்கு மேல்.

சாப்பாடு வைத்து நிகழ்ச்சி செய்கிறீர்களா? மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு கிடையாது. அவை போர்ச்சுகீசியர் வருகைக்குப் பிறகு வந்தவை. மிளகு, புளி, நெய், தயிர், பருப்பு, வெல்லம், வெற்றிலை பாக்கு என்று கோயில் அமுதுபடிக் (இறைவனுக்குப் படைக்கும் உணவு பற்றிய) கல்வெட்டுகளிலேயே சாமான் பட்டியல் கிடைக்கும்.

கல்வெட்டு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மாவோ சுண்ணாம்போ பூசாதீர்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் எழுத்து எழும்பித் தெரியும். மைப்படி (மை தடவிக் காகிதத்தில் எடுக்கும் பிரதி) எடுப்பது பயிற்சி உள்ளவர்கள் அனுமதியோடு செய்யும் வேலை.

8. நடத்தும்போது

மரபு நடை என்றால் கூட்டம் இருபது பேருக்கு மேல் போனால் கல்வெட்டுப் பக்கம் நிற்கவே இடமிருக்காது. ஓர் இடத்தில் ஒரு பெண், ஒரு வரி. வரியை முதலில் பழைய நடையிலேயே மெதுவாக வாசியுங்கள், பிறகு இன்றைய தமிழில் சொல்லுங்கள். வந்தவர்களில் ஒருவரை அழைத்து ஒரு பெயரை வாசிக்கச் சொல்லுங்கள். பதினோராம் நூற்றாண்டு எழுத்தில் சில வடிவங்கள் நமக்குப் பழகியவையே. ஒரு 'ட', ஒரு 'ப' பிடிபட்டதும் முகம் மாறும்.

பாட்காஸ்டுக்குப் பெயர்ப் பட்டியலே நல்ல தொடக்கம். இசை இல்லாமல் பத்துப் பெயர், வீட்டு எண்ணோடு. கண்காட்சிப் பலகைக்கு ஐம்பது சொல் போதும். பெண்ணின் பெயர் மேலே பெரிதாக, அரசன் பெயர் கீழே சிறிதாக. வழக்கத்துக்கு மாறான இந்த ஒரு மாற்றமே வேலை செய்யும்.

பெயர் இல்லாதவர்களுக்கும் ஒரு பலகை வையுங்கள். பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் திருமுக்கூடலில் வீரராஜேந்திரன் காலத்து (1063–1070) மருத்துவமனை பற்றிய கல்வெட்டு இருக்கிறது. பதினைந்து படுக்கைகள். மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறார். நோயாளிகளைக் கவனித்து மருந்து காய்ச்சிக் கொடுத்த பெண்கள் இருவர். இருவர் என்ற எண்ணிக்கை மட்டும்தான். மேலே பெயர் போட வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். ஏன் காலி என்று பார்க்கிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள். பதில் சொல்ல அந்தப் பலகை அருகில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.